பால் மிகுந்து பாயும்போது

வடமராட்சியிலிருந்து இளந்தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இக்கிழமை எமக்குக் கிடைத்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கின்றார், வெளியிடவில்லை. ஆயினும் அவர் கூறும் விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இதே வருத்தத்தை வெளியிற் சொல்லாது மனத்துள் அடக்கி வைத்திருக்கும் தாய்மார் பலர் உளராதலின், கடிதத்தின் முக்கியமான பகுதியை அவ்வாறே தருகின்றோம்.

"அக்கா, எனக்கு இது தலைப்பிள்ளை. ஆண்பிள்ளை. பிறந்து ஐந்து கிழமை ஆகின்றது. பால் கொடுக்க எடுத்தால் ஆவலோடு வாய் வைக்கின்றான். ஒரு நிமிஷம் ஆவதற்குள் புரைக்கேறி இருமுகின்றான். முகம் சிவந்துவிடும். தலையைப் பின்னுக்கு எறிந்து, முதுகை வளைத்து, வீரிட்டு அழுகின்றான். அவன் வாயை எடுத்தவுடன் பால் சீறி அவன் முகத்திலும் என் சேலையிலும் அடிக்கின்றது. மறுபடி வைத்தால் மறுபடியும் அதே கதை. குடித்து முடிந்தபின் கக்குகின்றான்; வயிறு ஊதி முனகுகின்றான்; மலம் பச்சையாய் நுரைத்துப் போகின்றது. மாமி, 'உனக்குப் பால் போதாது, பிள்ளை பசியிலே கத்துகின்றான்' என்கின்றார். அயல்வீட்டு ஆச்சியோ, 'சில பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் ஒத்துக்கொள்ளாது' என்கின்றார். இவர் பட்டணத்திலிருந்து பால்மா டின் ஒன்றும் போத்தல் ஒன்றும் வாங்கிவந்து அலுமாரியின்மேல் வைத்திருக்கின்றார். நான் இன்னும் திறக்கவில்லை. பிள்ளை என்னைக் கண்டே அழுவதுபோல் இருக்கின்றது. என் பாலிலே ஏதும் பிழை உண்டா?"

கடிதத்தின் அடியிலே, பின்னர் நினைத்து எழுதியதுபோல, இன்னும் ஒரு வரி இருந்தது. பிறந்தபோது பிள்ளையின் நிறை 3 கிலோ. நேற்று முன்தினம் கிளினிக்கில் நிறுத்தபோது 4 கிலோ 400 கிராம்.

சகோதரி, உங்கள் கேள்விக்கு விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கின்றது. பச்சைக் குழந்தை பிறந்த முதல் சில நாள்களிற் சற்று இளைக்கும்; ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறையை மீண்டும் அடையும்; அதன்பின் முதல் மூன்று மாதமும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம்வரை கூடினாலே போதும் என்பர் வைத்தியர். உங்கள் மகன் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 40 கிராம் கூடியிருக்கின்றான். பட்டினி கிடக்கும் பிள்ளை இவ்வாறு கொழுக்காது. ஒத்துக்கொள்ளாத பாலைக் குடிக்கும் பிள்ளையும் கொழுக்காது. உங்களிடம் பால் குறைவன்று, மிகுதி. மிகுதியாயிருப்பதோடு விரைந்தும் பாய்கின்றது. பிள்ளை அழுவது பால் வராமையால் அன்று, தன்னாற் சமாளிக்க இயலாதவாறு அது வருவதனால்.

இதனை வீட்டிலுள்ளோர் நேர்மாறாக விளங்கிக்கொள்வதிலேதான் ஆபத்து முழுவதும் இருக்கின்றது. பிள்ளை மார்பிலே வாய் வைத்து அழுதால் 'பால் இல்லை' என்பது நம் சமூகத்தில் வழிவழியாக வந்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் பேரிலே தாய்க்குப் பால் பெருக்கும் உணவு மேலும் மேலும் ஊட்டப்படும். பால் இன்னும் பெருகும், பிள்ளை இன்னும் திணறும், இன்னும் அழும். கடைசியில் டின் திறக்கப்படும். மார்பு நிறையப் பாலை வைத்துக்கொண்டு, 'எனக்குப் பால் இருக்கவில்லை' என்று வாழ்நாள் முழுதும் சொல்லித் திரியும் தாய்மார் இப்படித்தான் உண்டாகின்றனர்.

பால் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொண்டால் அச்சம் பாதி நீங்கிவிடும். மார்பு என்பது குடம் அன்று. சாய்த்த அளவுக்கு ஊற்றுவதற்கு. பாலைச் சுரக்கச் செய்வது ஒரு சுரப்பு. சுரந்த பாலை வெளியே தள்ளுவது வேறொரு சுரப்பு. முன்னையதைப் புரோலாக்டின் என்றும், பின்னையதை ஒக்சிட்டோசின் என்றும் வைத்தியர் கூறுவர். பிள்ளை உறிஞ்சத் தொடங்கிச் சிறிது நேரத்தில், சில வேளைகளில் அதன் அழுகுரலைக் கேட்ட மாத்திரத்திலேயே, தாயின் மூளையிலிருந்து ஒக்சிட்டோசின் இரத்தத்திற் கலந்து மார்பை அடைகின்றது. அங்கே பாலைத் தாங்கி நிற்கும் நுண்ணிய பைகளைச் சுற்றியுள்ள தசையணுக்கள் இறுகுகின்றன. பால் குழாய்களுக்குள் தள்ளப்பட்டு வெளியே பாய்கின்றது. இதனையே பால் இறங்குதல் என்கின்றோம்.

மாடு வளர்த்த வீடுகளில் இது புதினமன்று. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பசு சுரப்பு விட்ட பின்னரே கறக்க அமர்வார்கள். சுரப்பு விடாத பசுவின் மடியை எவ்வளவு இழுத்தாலும் சொட்டுத்தான் வரும். விட்டாலோ செம்பு நுரைத்து நிறையும். பசுவிடம் வேலை செய்வதும் அதே ஒக்சிட்டோசின்தான். வித்தியாசம் யாதெனில், கன்று பிறந்த அன்றே எழுந்து நின்று குடிக்கின்றது. நம் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தக்கூடப் பலம் இல்லை.

மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரத்து ஆராய்ச்சியாளர் பாலூட்டும் தாய்மாரின் மார்பை அல்ட்ராசவுண்ட் கருவியால் நோக்கி 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பால் இறங்கும் கணத்தில் பாற்குழாய்கள் சட்டென்று விரிவதை அவர்கள் கண்ணாற் கண்டனர். ஒரு தடவை பாலூட்டும்போது இவ்வாறு சராசரியாக இரண்டு, மூன்று முறை பால் இறங்குகின்றது. தாய்மார் உணர்வது பெரும்பாலும் முதல் முறையை மட்டுமே; ஒன்றையுமே உணராதவரும் உண்டு. உங்கள் மகன் 'மறுபடியும் அதே கதை' நிகழ்த்துவதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். முதல் வெள்ளம் தணிந்து அவன் அமைதியாய்க் குடித்துக்கொண்டிருக்கையில் அடுத்தது வருகின்றது.

குழந்தை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சும் விட வேண்டும். மூன்றும் ஒழுங்கு மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ வேண்டும். ஐந்து கிழமைப் பிள்ளைக்கு அந்தத் தாளம் இன்னும் பழகவில்லை. திறந்த பைப்பின் கீழே அண்ணாந்து படுத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோமோ அதையே அவன் செய்கின்றான், தலையைத் திருப்பிக்கொள்கின்றான். உங்களை வெறுத்து அன்று, மூச்சு விடுவதற்காக.

சிலருக்கு மட்டும் பால் இவ்வளவு பெருகுவது ஏன் என்று கேட்கலாம். பிரசவித்த முதற் சில கிழமைகளில், பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதை உடம்பு இன்னும் அறியாது. சுரப்புகளின் உந்துதலால் தாராளமாகவே உண்டாக்கிவிடும். ஏறத்தாழ ஆறாம் கிழமை தொடங்கி மூன்றாம் மாதத்துக்குள் மார்பு கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்கின்றது. எவ்வளவு வெளியேறுகின்றதோ அவ்வளவே மீண்டும் ஊறும். வெளியேறாமல் தேங்கும் பால், 'இனி மெதுவாகச் சுரந்தாற் போதும்' என்று தானே சொல்லிவிடுகின்றது. சிலருக்கு இந்தக் கணக்குச் சற்றுப் பிந்தி வரும். அன்றியும், மனிதருக்கு மனிதர் அளவு பெரிதும் வேறுபடும். அதே பேர்த் நகரில், தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்கு வளரும் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான பிள்ளைகள் 71 பேரின் தாய்மாரைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. ஒரு நாளில் பிள்ளை குடித்த பால் சராசரி 788 கிராம். ஆனால் மிகக் குறைந்தது 478 கிராம், மிகக் கூடியது 1356 கிராம். எனவே அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நம் வீட்டுப் பாலை அளப்பதிற் பயனில்லை.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலாவதும் மிகப் பெரியதும் இருக்கும் முறை. நம்மவரில் அநேகர் நிமிர்ந்து அமர்ந்து, பிள்ளையை மடியிற் கிடத்தி, அதன்மேற் குனிந்து பால் கொடுக்கின்றனர். பால் மெதுவாய் வரும் தாய்க்கு இதனால் முதுகுவலியைத் தவிர வேறு கேடு இல்லை. பால் பாயும் தாய்க்கோ, மேலிருந்து கீழே ஊற்றுவது போலாகும். ஆகவே இதனைத் தலைகீழாக மாற்றுக. சாய்மனைக் கதிரையிலோ, கட்டிலிலே தலையணைகளை அடுக்கியோ, நன்றாகப் பின்னே சாய்ந்துகொள்ளுங்கள்; முழுவதும் படுத்துவிட வேண்டாம், பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூடிய அளவு சாய்ந்தாற் போதும். பிள்ளையைக் குப்புற, வயிறு உங்கள் வயிற்றோடு படும்படி, மார்பின்மேற் கிடத்துங்கள். இப்போது பிள்ளை மேலே, பால் கீழே. பால் ஏறிச் செல்ல வேண்டியிருப்பதால் வேகம் தணியும். மிகுந்து வந்தால் அது தொண்டைக்குள் இறங்காமல் கடைவாயால் வழிந்துவிடும். பிள்ளை தானாகவே தலையைத் தூக்கி மூச்சு வாங்கவும் இயலும். கீழே ஒரு துவாயை விரித்துக்கொண்டால் சேலைக்கும் சேதமில்லை.

இங்கிலாந்தில் சூசன் கோல்சன் என்னும் மருத்துவமாது இவ்வாறு சாய்ந்திருந்து பாலூட்டும் முறையை ஆராய்ந்து பரப்பினார். பிள்ளை தாயின்மேற் குப்புறக் கிடக்கும்போது அதற்கு இயல்பாயுள்ள தேடும் குணங்களும் ஊரும் குணங்களும் பாலூட்டுவதற்குத் துணை செய்கின்றன என்பது அவர் கண்டது. வயிறு கிழித்துப் பிள்ளை பெற்றவர்கள் புண்ணின்மேற் கால் படாதவாறு பிள்ளையைச் சரிவாகவோ குறுக்காகவோ கிடத்திக்கொள்ளலாம். இரவிலே பக்கவாட்டிற் படுத்துக் கொடுப்பதும் நன்று. வேண்டாத பால் வழிந்து போகும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கதிரையிலே சாய்ந்தபடி பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவது மிக ஆபத்தானது. கண் சொருகினால் பிள்ளையை வேறொருவர் கையிற் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, முதல் வெள்ளத்தைப் போகவிடுதல். பால் இறங்கும் சிலிர்ப்பை உணர்ந்தவுடன், அல்லது பிள்ளை மளமளவென்று விழுங்கித் தடுமாறுவதைக் கண்டவுடன், சுண்டுவிரலைக் கடைவாயில் இட்டு மெதுவாக வாயை விடுவித்து, பாய்ந்து வரும் பாலைத் துவாயில் ஏற்றுக்கொள்ளுங்கள். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ சென்றதும் வேகம் தணியும். பின்பு பிள்ளையை மீண்டும் வைக்கலாம். இடையிலே ஒருமுறை தோளிற் போட்டு ஏவறை விடச் செய்க. அவசரமாய் விழுங்கும் பிள்ளை காற்றையும் சேர்த்தே விழுங்கும்.

இவ்விடத்திலே பலர் தவறுவதுண்டு. பாரம் குறையட்டும் என்று ஒவ்வொரு தடவையும் நிறையப் பாலைக் கையாற் பீய்ச்சிவிடுகின்றனர். வசதியுள்ளோர் பம்பு வைத்து எடுக்கின்றனர். எடுத்த பாலைப் பிள்ளை குடித்ததாகவே மார்பு கணக்கெழுதும். மறுநாள் அதையும் சேர்த்துச் சுரக்கும். மார்பு கல்லாய் இறுகிப் பிள்ளைக்கு வாய் வைக்க முடியாதிருந்தால், அது இளகும்வரை சிறிது எடுக்கலாம். அதற்குமேல் வேண்டாம். விரல்களாற் காம்பின் பின்புறத்தை அழுத்தி வேகத்தைக் குறைப்பாரும் உளர். இடையிடையே செய்தாற் குற்றமில்லை. எப்பொழுதும் ஒரே இடத்தை அழுத்தினால் குழாய் அடைபட்டு அங்கே பால் கட்டிக்கொள்ளும்.

பிள்ளை பசித்து அலறும்வரை காத்திருப்பதும் நன்றன்று. கடும் பசியோடு வருகின்ற பிள்ளை மூர்க்கமாய் உறிஞ்சும். பாலும் மூர்க்கமாய் வரும். கையைச் சூப்பத் தொடங்கும்போதே, அரைத்தூக்கத்திலேயே எடுத்துக் கொடுத்தால் மெதுவாக உறிஞ்சும். அடிக்கடி கொடுப்பதால் ஒரே தடவையில் தேங்கும் அளவும் குறைகின்றது.

பச்சை மலத்துக்கும் வயிற்றூதலுக்கும் வருகின்றோம். தாய்ப்பாலில் முன்பால் பின்பால் என இரு வகை இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் இரண்டு பால் இல்லை. மார்பு நிறைந்திருக்கும்போது வரும் பாலிற் கொழுப்புக் குறைவு, மார்பு வெறுமையாக ஆகக் கொழுப்புக் கூடிக்கொண்டே போகும், அவ்வளவே. பால் மிகுந்த தாயின் பிள்ளை இரண்டு பக்கத்திலும் மேலோட்டமாகக் குடித்தே வயிறு நிறைந்துவிடும். கொழுப்புக் குறைந்த பால் குடலில் விரைந்து ஓடும். அதிலுள்ள லக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை முழுவதும் சமிப்பதற்கு நேரம் இராது. சமியாதது புளித்து வாயு உண்டாகும். மலம் பச்சையாய் நுரைக்கும். பிள்ளை மீண்டும் விரைவிற் பசித்தழும். இதனை இங்கிலாந்தைச் சேர்ந்த வூல்ரிட்ஜ், குளோயி ஃபிஷர் என்னும் இருவரும் 1988ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் எடுத்துக் காட்டினர். பிள்ளையிடத்தும் குற்றமில்லை, பாலிடத்தும் குற்றமில்லை, கொடுக்கும் முறையை மாற்றினாற் போதும் என்பதே அவர்கள் கருத்து. பச்சை மலத்தைக் கண்டு 'பாற்சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பிள்ளை' என்று தாமே முடிவு கட்டி, விலை கூடிய விசேஷப் பால்மாவைத் தேடி ஓடுவது வீண்.

மாற்ற வேண்டிய முறை இது. ஒரு பக்கத்தைப் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கவிடுங்கள். 'பத்து நிமிஷம் இந்தப் பக்கம், பத்து நிமிஷம் அந்தப் பக்கம்' என்று மணிக்கூட்டைப் பார்த்து மாற்றும் வழக்கம் உங்களுக்கு வேண்டாம். ஒரு பக்கத்தோடு திருப்தியடைந்து தூங்கினால் மறுபக்கத்தை அடுத்த தடவைக்கு விட்டுவிடலாம். பலருக்கு இதுவே போதும்.

இதனாலும் அடங்காவிட்டால் இன்னொரு முறை உண்டு. மூன்று நான்கு மணித்தியாலத்துக்குப் பிள்ளை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பக்கத்தைக் கொடுத்து, அதன்பின் அடுத்த பக்கத்துக்கு மாறுவது. தேங்கும் பால் சுரப்பைக் குறைக்கும் என்று முன்னே கூறினோம் அல்லவா? அந்த விதியையே இங்கு பயன்படுத்துகின்றோம். நெதர்லாந்தைச் சேர்ந்த பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் 2007இல் இம்முறையை விரிவாக எழுதினார். ஆனால் இது கூரான கத்தி. பிள்ளைக்கு நான்கு முதல் ஆறு கிழமையாவது ஆகியிருத்தல் வேண்டும். நிறை நன்கு கூடிக்கொண்டிருத்தல் வேண்டும். பால் மெய்யாகவே மிகுதி என்பதை மருத்துவமாதோ வைத்தியரோ பார்த்துச் சொல்லியிருத்தல் வேண்டும். காத்திருக்கும் பக்கம் தாங்கமுடியாமல் இறுகினால் பாரம் தணியுமளவுக்குச் சிறிது எடுத்துவிடலாம். சில நாள்களில் மாறுதல் தெரியும். தெரிந்ததும் வழமைக்குத் திரும்பிவிட வேண்டும். நிறை கூடாத பிள்ளைக்கு இம்முறையைக் கையாள்வது பெருந்தீங்கு.

ஆகாரத்தைப் பற்றி மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறையும், முருங்கையிலையும், உள்ளியும், வெந்தயமும், சரக்கரைத்த கறியும் ஆக்கிக் கொடுப்பது நம் பகுதியின் நல்ல வழக்கம். பெற்று எழுந்த உடம்பு தேறுவதற்கு மீனும் கீரையும் வேண்டும். அதனை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் 'பால் ஊற வேண்டும்' என்ற ஒரே நோக்கத்தோடு, போதும் என்பவளின் தட்டில் மேலும் மேலும் உள்ளியையும் வெந்தயத்தையும் திணிப்பதை இந்த வீட்டில் நிறுத்தலாம். ஊறியது போதும். அதற்காக, பால் வற்றட்டும் என்று தாயைத் தண்ணீர் குடிக்காமலும் அரைவயிற்றோடும் வைப்பது அதனினும் கெட்டது. தண்ணீரைக் குறைத்தாற் பால் குறையாது, தாய்தான் வாடுவாள். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், பசிக்கு உண்ண வேண்டும்.

மாமி மேல் எமக்குக் கோபமில்லை. பேரன் அழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எந்தக் கிழவியால் முடியும்? அவர் சொன்ன மருந்து தவறானாலும் அவருடைய கைகள் இந்த வீட்டுக்கு வேண்டியவை. ஏவறை எடுப்பதற்குப் பிள்ளையை அவர் தோளிற் கொடுங்கள். நனைந்த துணிகளை எண்ணுவதை அவர் பொறுப்பில் விடுங்கள். நாளொன்றுக்கு ஆறோ அதற்கு மேலோ துணி சலத்தால் நன்றாக நனைந்தால் பால் போதுகின்றது என்பதை அவரே கண்டுகொள்வார். கிளினிக்கில் நிறுக்கும் நாளிலே அவரையும் அழைத்துச் சென்று, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுவதைக் காட்டச் சொல்லுங்கள். நாம் பத்து நாள் வாதாடி விளக்க முடியாததை அந்தக் கோடு ஒரு கணத்தில் விளக்கிவிடும்.

அலுமாரியின்மேல் இருக்கும் டின்னுக்கு இப்போது வருவோம். போத்தற் பால் இந்தக் குறையைத் தீர்க்காது. போத்தலிலிருந்தும் பால் விரைந்து ஒழுகும். சூப்பியின் துளை பெரிதானால் அதிலும் பிள்ளைக்குப் புரைக்கேறும். பிள்ளை போத்தலில் வயிறு நிறைத்த நேரங்களில் உங்கள் மார்பு மேலும் இறுகும். அடுத்த முறை வாய் வைக்கும்போது வெள்ளம் இன்னும் பெரிதாகும். பிள்ளை மார்பை இன்னும் வெறுக்கும். இப்படியே சில கிழமைகள் சென்றாற் சுரப்பு மெய்யாகவே குறைந்துவிடும். பொய்யாகச் சொன்ன 'பால் இல்லை' அப்போது மெய்யாகிவிடும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை என்று உலக சுகாதார மகாநாடு 2001இல் விதந்துரைத்தது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே குடித்தனர். உலகில் அநேக நாடுகள் எட்டாத அளவு இது. டின்னைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாராயின் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கண்முன்னே இருக்கும் டின், நடுச்சாமத்தில் பிள்ளை அழும்போது மிகவும் உரத்துக் கூப்பிடும்.

எனினும், புரைக்கேறுவதெல்லாம் பால் மிகுதியால் என்று எண்ணிவிடவும் கூடாது. பால் குடிக்காத வேளையிலும் மூச்சு இரைந்து வந்தால், குடிக்கும்போது உதடோ முகமோ நீலம் பாரித்தால், நிறை கூடாமல் நின்றுவிட்டால், குடித்ததையெல்லாம் ஒவ்வொரு தடவையும் தூரத் தெறிக்க வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், அல்லது காய்ச்சல் கண்டால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவை வைத்தியர் பார்க்க வேண்டியவை. தாய்க்கு மார்பிலே ஓரிடம் சிவந்து, சூடேறி, வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் அவரும் தாமதிக்கலாகாது. அப்போதும் பால் கொடுப்பதைச் சட்டென்று நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினாற் கட்டு இன்னும் கூடும்.

சிறு விஷயம் ஒன்று. கோயிலிலோ கலியாண வீட்டிலோ வேறொருவரின் பிள்ளை அழுதாலே பால் இறங்கிச் சட்டை நனைவதாகச் சில தாய்மார் வெட்கப்படுவர். கைகளைக் கட்டிக்கொள்வதுபோல் முன்கையால் மார்பைச் சிறிது நேரம் அழுத்தினால் அநேகமாக நின்றுவிடும். பழைய பருத்தித் துணியை வட்டமாக வெட்டி நாலைந்து மடிப்பாகத் தைத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஈரம் நெடுநேரம் கிடந்தாற் காம்பு புண்ணாகும்.

இரண்டாம் மூன்றாம் மாதமளவில் இந்த அவஸ்தை பெரும்பாலும் தணிந்துவிடும். மார்பும் கணக்குக் கற்றிருக்கும். பிள்ளையும் வளர்ந்து, முன்பு திணறிய வேகத்தை இலகுவாகக் குடிக்கப் பழகியிருக்கும். அப்போது ஒரு நாள் மார்பு முன்போல் இறுகாமல், மெத்தென்று இளகிக் கிடப்பதைக் காண்பீர்கள். பால் தானாக ஒழுகுவதும் நின்றிருக்கும். உடனே யாரேனும் ஒருவர், 'பால் வற்றிவிட்டது' என்பார். வற்றவில்லை. வேண்டிய அளவுக்கு வந்து நிற்கின்றது. அன்றைக்கும் துணிகளை எண்ணுங்கள். பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். அதுவரை எவர் சொன்னாலும் டின்னைத் திறக்க வேண்டாம்.